எட்டாம் வகுப்பில் டிஜிட்டல் எழுத்தறிவு: எங்கிருந்து தொடங்குவது?

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். வாரத்தில் ஒரு பாடவேளையை டிஜிட்டல் எழுத்தறிவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கணினி ஆசிரியர் இல்லை. ஹைடெக் லேப் இருக்கிறது, ஆனால் பாதி நாள் தேர்வுக்கே போய்விடுகிறது. எனக்கு வேர்டும் எக்செலும் தெரியும், அவ்வளவுதான். எதைச் சொல்லிக்கொடுப்பது? முதலில், இது என் வேலைதானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைதான். கணினி ஆசிரியரைவிட உங்களுக்கே இது நெருக்கமான வேலை. ஒரு கல்வெட்டை யார் வெட்டினார்கள், எந்த நூற்றாண்டு, யாரைப் புகழ்வதற்காக என்று கேட்கக் கற்றுக்கொடுப்பவர் நீங்கள்தானே. அதே கேள்விகளைத்தான் இப்போது கைப்பேசியில் வரும் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்கப் போகிறோம்.

நான் தொடக்கத்தில் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஆறேழு ஆண்டுகள் நான் கணினியின் உறுப்புகளைத்தான் நடத்தினேன். இது திரை, இது விசைப்பலகை, இது மவுஸ், இது சேமிப்பகம். பிறகு பெயின்டில் ஒரு வீடு, ஒரு தென்னை மரம், பின்னால் ஒரு சூரியன். பிள்ளைகள் ஆசையாக வரைந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகள் வீட்டில் அம்மாவின் கைப்பேசியில் மணிக்கணக்கில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு என்ன வந்துசேர்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ஏசர் (ASER) என்ற ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் விசாரித்தது. அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் ஸ்மார்ட்போனைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். கருவியை இயக்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை இவர்கள். இவர்களுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஒரு பாடவேளையைச் செலவழிப்பது, நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீரைக் காட்டுவது போன்றது. அவன் தெரிந்துகொள்ள வேண்டியது சுழல் எங்கே இருக்கிறது என்பதை.

சுழல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவிக்கொண்டிருந்தது. அப்போது திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் இறங்கியது. அதில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றிய 'கடத்தல்' வீடியோ ஒன்று உண்மையில் கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் விழிப்புணர்வுப் படம் அது. மோட்டார் சைக்கிளில் வந்து குழந்தையைத் தூக்கிச் செல்பவர், கடைசியில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அறிவிப்புப் பலகையை விரித்துக் காட்டுவார். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றாக நம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுக் கைப்பேசி இருக்குமே, அதை எந்த நிறுவனமும் பார்த்துக்கொள்ளாது.

எட்டாம் வகுப்பில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டாதீர்கள். சொல்லுங்கள், போதும். "கடைசிச் சில நொடிகளை வெட்டிவிட்டார்கள்" என்ற வரியைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகு வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும்.

இனி, எதைக் கற்பிப்பது. ஒரே ஒரு திறனைத்தான் ஓர் ஆண்டில் கற்பிக்க முடியும் என்றால், நான் தேர்ந்தெடுப்பது இதை: ஒரு செய்தி உண்மையா என்று தெரிந்துகொள்ள, அந்தச் செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே போய் விசாரிப்பது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர். எல்லோருக்கும் ஒரே இணையதளங்களைக் காட்டி எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். குழந்தை மருத்துவர்களின் இரண்டு சங்கங்கள் அவற்றில் இருந்தன. ஒன்று பல்லாயிரம் மருத்துவர்கள் கொண்ட பழைய அமைப்பு. மற்றொன்று கொள்கை வேறுபாட்டால் 2002இல் பிரிந்துபோன மிகச் சிறிய குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறிய குழுவின் தளத்தையே நம்பினார்கள். பல பேராசிரியர்களுக்கும் தடுமாற்றம். சின்னம் அழகாக இருக்கிறது, மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், மொழி கண்ணியமாக இருக்கிறது என்று பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, வேறு சன்னல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பத்துப் பேருமே சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு கலைச்சொல் உண்டு. அதை மொழிபெயர்த்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் ஒட்டவில்லை. பிறகுதான் நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது இதுவே என்று தோன்றியது. ஒரு வரன் வருகிறது. தரகர் ஜாதகமும் போட்டோவும் காட்டி, பையன் தங்கம் என்கிறார். நாம் தரகரையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? அந்தப் பையன் குடியிருக்கும் தெருவுக்குப் போகிறோம். டீக்கடையில், பக்கத்து வீட்டில், அவன் வேலை பார்க்கும் இடத்தில் விசாரிக்கிறோம். போட்டோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, விசாரிக்காமல் எந்த வீட்டிலும் பெண் கொடுப்பதில்லை. "இது தரகர் காட்டும் போட்டோ. தெருவில் போய் விசாரித்தாயா?" என்று கேட்டதும் வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டது. அன்று முதல் எங்கள் பள்ளியில் அதன் பெயர் 'தெருவில் விசாரிப்பது'. உங்கள் ஊருக்கு வேறு பெயர் பொருந்தினால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகள் வாயில் புழங்கும் பெயராக இருக்கட்டும்.

விசாரிக்க மூன்று கேள்விகள் போதும். யார் சொல்கிறார்? எதை வைத்துச் சொல்கிறார்? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? கரும்பலகையின் ஒரு மூலையில் இவற்றை எழுதி ஆண்டு முழுவதும் அழிக்காமல் வையுங்கள்.

ஒரு பாடவேளை எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதை ஒரு தாளில் எழுதிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் விசாரிப்பது கோயிலின் பெருமையை அல்ல. நம் பாட்டி அங்கே எள் தீபம் ஏற்றுவது நம் விசாரணைக்குள் வராது. 'நாசா சொன்னது' என்ற ஒரு வரியை மட்டும் விசாரிக்கிறோம். இதைச் சொல்லாமல் தொடங்கினால் பிள்ளைகள் பயந்து வாயடைத்துவிடுவார்கள், மறுநாள் பெற்றோரும் வருவார்கள். அவர்கள் வருவதில் தவறில்லை, நாம்தான் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருப்போம்.

யார் சொல்கிறார்? நாசா என்கிறது செய்தி. நாசாவில் யார்? பெயர் இல்லை. எந்த ஆண்டு? இல்லை. எந்தச் செயற்கைக்கோள்? இல்லை. எதை வைத்து? இங்கே அறிவியல் ஆசிரியரைப் பத்து நிமிடம் அழைத்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர் தூரம். அதை அது ஒரு நொடிக்குள் தாண்டிவிடும். மூன்று நொடியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அப்படி ஓடுகிற ஒன்று திடீரென்று நின்றால், பிறகு அதை மறுபடி ஓட வைப்பது யார்? ஒரு பையன் கேட்டான், "அய்யா, பஸ் நின்றால் டிரைவர் மறுபடி கியர் போடுவார், மேலே யார் போடுவார்?" அந்தக் கேள்வியிலேயே அன்றைய பாடம் முடிந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு உங்கள் ஒரு கைப்பேசி போதும். நாசாவின் தளத்தில் திருநள்ளாறு என்று தேடுங்கள். பிறகு பொதுவாகத் தேடுங்கள். சரிபார்ப்பவர்கள் எழுதியிருப்பதைப் பிள்ளைகளே உரக்கப் படிக்கட்டும்.

படம், வீடியோ விஷயத்தில் இன்னொரு பழக்கம் வேண்டும்: நடுவில் நடப்பதை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அந்த வீடியோக்கள் பழையவை, சம்பந்தமில்லாதவை, வேறு மாநிலங்களில் நடந்தவை என்று தெரியவந்தது. கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த எழுத்தில் தொடங்குகிறது, போலீஸ்காரரின் உடை எப்படி, மழையா வெயிலா, சுவரில் என்ன சினிமா போஸ்டர் என்று ஓரத்தைப் பார்க்கப் பழகிய பிள்ளை பாதி தூரத்தைக் கடந்துவிட்டது. இதற்கு இணையமே வேண்டாம். பழைய செய்தித்தாள்களிலிருந்து படங்களை வெட்டி, கீழே இருக்கும் விளக்கத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று ஊகித்து, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் எழுதட்டும். என் வகுப்பில் ஒரு மாணவி, படத்தில் நடவு நடப்பதை வைத்து மாதத்தைச் சரியாகச் சொன்னாள். அவள் வீட்டில் யாரிடமும் ஸ்மார்ட்போன் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. முதல் ஆண்டு நான் பொய்ச் செய்திகளை மட்டுமே கொண்டுபோனேன். மூன்று மாதத்தில் பிள்ளைகள் எதைக் காட்டினாலும் "பொய் அய்யா" என்று கூவத் தொடங்கினார்கள். விசாரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் நம்புகிறவனைப் போலவே எதையும் நம்பாதவனும் விசாரிக்கும் சிரமத்தைத் தட்டிக்கழிக்கிறான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது பள்ளிகளில் அதைத்தான் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் வந்த பயமுறுத்தலை நம்பியவர்கள், சுகாதாரத் துறை சொன்னதை நம்பவில்லை. அதனால் இப்போது நான் கொண்டுபோகும் செய்திகளில் பாதி உண்மையானவை, அதுவும் பொய் போலத் தோன்றும் உண்மைகள். "ஒரே இரவில் ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது" என்று எழுதிக் கொடுங்கள். பொய் என்று கை தூக்குவார்கள். விசாரித்தால் தனுஷ்கோடி வரும், 1964 டிசம்பர் 22 இரவு வரும், பாம்பனிலிருந்து புறப்பட்ட அந்த ரயில் வரும். உண்மை என்று தெரிந்ததும் அந்த வகுப்பில் விழும் அமைதியை நீங்களே பார்க்க வேண்டும்.

தேடுவது பற்றிச் சுருக்கமாக. முதலில் வருவது சிறந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காசு கொடுத்து மேலே வரலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 'ஸ்பான்சர்' என்ற சிறிய எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாக வையுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, போலி எண்ணுக்கு அழைத்துப் பணம் இழப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வங்கி எண் வேண்டுமானால் பாஸ்புக்கைப் பார், ஏடிஎம் அட்டையின் பின்புறம் பார் என்று சொல்லிக்கொடுங்கள். தேடலைவிட அது வேகமானது.

அடுத்தது தமிழில் தட்டச்சு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டிஜிட்டல் எழுத்தறிவு என்ற பேச்சில் எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்டார்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் தமிழில் இருக்கும் நல்ல பக்கங்கள் பலவும் கைக்கு வராது. தன் மொழியில் ஒரு புகார் மனுகூட அடிக்கத் தெரியாத பிள்ளை, இணையத்தில் காலமெல்லாம் பார்வையாளராகவே இருந்துவிடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99 விசைப்பலகை. இன்றைய விண்டோஸிலேயே அது இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க நான்கு தட்டல்: அ, ம, ம, ஆ. இரண்டு ம சேர்ந்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. 'தங்கம்' அடித்தால் ங அடுத்துக் க வந்தவுடன் ங தானாகப் புள்ளி பெறுகிறது. ஞ அடுத்துச் ச, ண அடுத்து ட, ந அடுத்து த, ம அடுத்துப் ப, ன அடுத்து ற, எல்லாம் அப்படியே. இது என்ன? இன எழுத்துகள்! தமிழ் ஆசிரியை ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்ய வைத்த அதே இலக்கணம் விசைப்பலகைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தமிழாசிரியையிடம் இதைக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுவாரமே அவர் லேபில் இன எழுத்துப் பாடம் நடத்தினார். விசைப்பலகையை அட்டையில் வரைந்து மேசையில் ஒட்டிவிட்டால் கணினி இல்லாமலும் விரல்கள் பழகும். ஒரு மாதம் தினமும் பத்து நிமிடம் போதும்.

பணம். இதில் நம் பிள்ளைகளின் நிலைமை தனி. பல வீடுகளில் யு.பி.ஐ. செயலியை இயக்குவதே எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். நூறு நாள் வேலைச் சம்பளம் வந்ததா என்று பார்ப்பதும், அப்பா கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வதும் அதுவே. பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் குறியீடு இருக்கிறது, பாட வீடியோ பார்க்கப் பிள்ளைகள் அதை ஸ்கேன் செய்கிறார்கள். அதே போன்ற கட்டம் பெட்டிக்கடையிலும் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, கட்டத்தைப் பார்த்து அது எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். முடியாது. அதனால் ஸ்கேன் செய்த பிறகு திரையில் வரும் பெயரைப் படித்தாக வேண்டும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண் போடவும் வேண்டாம். கணக்கில் இருப்பைப் பார்க்கும்போது தவிர, அந்த ரகசிய எண்ணைக் கேட்கிறது என்றாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். இந்த ஒரு வரியை 38 பிள்ளைகளும் வீட்டில் சொன்னால் 38 குடும்பங்களுக்குப் போய்ச் சேரும். ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுத வையுங்கள், பக்கத்தில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும்.

1098 பற்றிப் பேசும்போது குரலை மாற்றிக்கொள்ளுங்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால், தெரியாதவர் தொடர்ந்து பேசச் சொன்னால், வீட்டில் சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பெண் பிள்ளைகள் வாய்திறப்பதில்லை. "இப்படி நடந்தால் தவறு உன்னுடையது இல்லை, என்னிடம் வா, நான் திட்ட மாட்டேன்" என்று ஆசிரியர் வாயால் ஒரு முறையாவது வகுப்பு முழுவதற்கும் கேட்க வேண்டும். சொல்லிவிட்டு அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். வந்து சொல்லும் பிள்ளையிடம் "நீ ஏன் அந்தப் படத்தைப் போட்டாய்?" என்று நாம் தொடங்கினால், அடுத்த பிள்ளை வராது.

ஏஐ உரையாடல் செயலிகள் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வகுப்பில் அதனிடம் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டோம். சரளமான தமிழில் நான்கு பத்தி வந்தது. ஏரிக்கு அது சொன்ன வரலாறு ஊரில் யாரும் கேள்விப்படாதது, சொன்ன திருவிழா எங்கள் ஊரில் நடப்பதே இல்லை. பிள்ளைகள் சிவப்பு மையால் திருத்தினார்கள். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் அது எவ்வளவு உறுதியாகத் தவறு சொல்கிறது என்று பார்த்துவிட்டதால், தெரியாத ஒன்றைக் கேட்கும்போது அவர்களுக்கே ஒரு நிதானம் வந்தது. நான் பத்து முறை அறிவுரை சொல்லியிருந்தாலும் அது வந்திருக்காது. பிறகு அந்த ஏரியைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அவர்களே எழுதினார்கள், தமிழ்99இல்.

லேப் கிடைக்கும் நாட்களில் யாரிடம் மவுஸைக் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பையன்தான் எப்போதும் முன்னால் உட்காருவான். ஏசரின் 2023 அறிக்கையில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 18 வயதினரில் சொந்தக் கைப்பேசி வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். நம் லேப் அந்த இடைவெளியை அப்படியே மறுபடியும் உட்கார வைக்கக் கூடாது. எங்கள் விதி: மூன்று பேர் குழுவில், வீட்டில் கைப்பேசி இல்லாதவர் கையில்தான் மவுஸ். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம், கையை நீட்டக் கூடாது. முதல் இரண்டு வாரம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மாநிலத்தையும் பார்க்கலாம். கேரளத்தில் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் 2001லேயே தொடங்கியது. 2018இல் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், ஏறக்குறைய 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளையே தனியாக நடத்தியது. சாதாரண வகுப்பாசிரியர்களால் அதைச் செய்ய முடியும் என்று எனக்கு உறுதி தந்தவற்றில் அதுவும் ஒன்று.

மதிப்பெண் போடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வாரம் ஒரு செய்தி, மூன்று கேள்வி, முடிவு. முடிவில் "தெரியவில்லை" என்று எழுதினால் அதற்கும் ஒரு சரி போடுங்கள். விசாரித்தும் தெரியவில்லை என்றால், அதை யாருக்கும் அனுப்பாமல் விடுவதுதான் சரியான விடை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது மாதத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் "நீங்கள் அனுப்பியது பொய்" என்று சொல்லும். தாத்தாவுக்குக் கோபம் வரும். குடும்பக் குழுவில் சித்தப்பா, அத்தை எல்லாம் பார்க்கும் இடத்தில் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். அதனால் விசாரிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். வகுப்பிலேயே இரண்டு பேரை எழுப்பி, ஒருவரைத் தாத்தாவாக, ஒருவரைப் பேத்தியாகப் பேச வையுங்கள். 'பொய்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. குழுவில் எழுதாமல், தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் வகுப்பில் பல வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு பெண் சொன்னதை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: "தாத்தா, இது எந்தத் தேதியில் நடந்ததென்று போடவே இல்லையே, உங்களுக்கு யார் அனுப்பினார்கள்? அவரிடம் கேட்டுப் பார்ப்போமா?"